பேராசைக்காரன் வராத நாவல்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் ‘த பேர்ல்’ (முத்து) நாவலைப் படித்து முடித்தவரிடம் கதை எதைப் பற்றியது என்று கேளுங்கள். யோசிக்காமலே வரும் பதில் “பேராசை பெருநஷ்டம்” என்பதாகத்தான் இருக்கும். நூறு பக்கச் சொச்சம் உள்ள புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். படித்த வேகத்திலேயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இதைப் பள்ளிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். அங்கே படித்த என் அக்கா மகளுக்குக் கொடுத்த கட்டுரைத் தலைப்பே, கதாநாயகன் கீனோவின் பேராசை அவன் குடும்பத்தை எப்படி அழித்தது என்பதுதான். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்குப் புத்தகம் பிடிக்கவில்லை. “குழந்தை செத்துப்போச்சு, முத்தையும் தூக்கிப் போட்டுட்டான். இதுல என்ன மாமா இருக்கு?” என்று கேட்டாள்.

இந்தத் தீர்ப்போடு எனக்கு நீண்ட நாளாக ஒரு சண்டை உண்டு. எங்கள் தூத்துக்குடி வாசகர் வட்டத்தில் நாங்கள் சிலர் இந்த நாவலை எடுத்துப் பேசியபோது அந்தச் சண்டை வெளியே வந்தது. ஊருக்கே முத்துநகர் என்று பெயர், சென்னைக்குப் போகிற ரயிலுக்கும் அதே பெயர். ஆனால் இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் முத்துச் சிப்பியை உயிரோடு பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். ஆனால் எதையாவது விற்கப் போய் ஏமாந்து திரும்பாதவர் ஒருவர்கூடக் கிடையாது. நாவலைப் படிக்க இந்த இரண்டாவது அனுபவம்தான் அதிகம் உதவியது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவில் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் லா பாஸ் என்ற கடற்கரை ஊர். கீனோ முத்துக்குளிக்கும் பழங்குடி இளைஞன். மனைவி ஹுவானா, கைக்குழந்தை கொயோட்டிட்டோ. குழந்தையைத் தேள் கொட்டிவிடுகிறது. பட்டணத்து டாக்டர் வைத்தியம் பார்க்க மறுக்கிறார். அன்றைக்கே கீனோவுக்குக் கடற்காக முட்டை அளவில் ஒரு முத்து கிடைக்கிறது. விற்கப் போனால் வியாபாரிகள் அடிமாட்டு விலை கேட்கிறார்கள். தலைநகரத்துக்கே போய் விற்கிறேன் என்கிறான். ராத்திரி யாரோ வந்து தாக்குகிறார்கள், வள்ளத்தை உடைக்கிறார்கள், குடிசைக்குத் தீ வைக்கிறார்கள். தன்னைத் தாக்கியவனைக் கீனோ குத்திக் கொன்றுவிட்டு, குடும்பத்தோடு மலைப்பக்கம் ஓடுகிறான். தடம் பார்க்கிறவர்கள் துரத்தி வருகிறார்கள். அவர்கள் சுட்ட ஒரு குண்டு குழந்தையைக் கொல்கிறது. இருவரும் ஊருக்குத் திரும்பி வந்து முத்தைக் கடலில் எறிகிறார்கள்.

இப்படிச் சுருக்கினால் பேராசைக் கதை போலத்தான் தெரியும். ஆனால் முத்து கிடைத்த அன்று கீனோ என்னதான் ஆசைப்பட்டான்? அந்தப் பட்டியல் நாவலிலேயே இருக்கிறது. ஹுவானாவைக் கோயிலில் முறையாகக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். முன்பு அதற்குக் கொடுக்கக் காசில்லை. மூன்று பேருக்கும் புதுத்துணி. போன வருஷம் தொலைத்த ஈட்டிக்குப் பதிலாக ஒரு புது ஈட்டி. ஒரு துப்பாக்கி. மகன் பள்ளிக்கூடம் போய்ப் படிக்க வேண்டும். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் படித்துச் சொன்னால் இவர்களுக்கும் தெரியும், பிறகு யாரும் ஏமாற்ற முடியாது. அவ்வளவுதான். துப்பாக்கியைச் சொல்லும்போது மட்டும் அவனுக்கே கொஞ்சம் தயக்கம். இந்தப் பட்டியலைப் பேராசை என்றால், ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற எல்லாரையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஸ்டைன்பெக்குக்கு இந்தக் கதை கிடைத்த விதத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. 1940இல் அவரும் கடல் உயிரியலாளரான நண்பர் எட் ரிக்கெட்ஸும் ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ என்ற படகில் கலிபோர்னியா வளைகுடாவைச் சுற்றி வந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பயணத்தைப் பற்றி வெளிவந்த புத்தகத்தில், லா பாஸில் சொல்லப்பட்ட கதை என்று ஒன்று வருகிறது. ஒரு பழங்குடிப் பையனுக்குப் பெரிய முத்து கிடைக்கிறது. இனி வேலை செய்யவே வேண்டாம் என்று நினைக்கிறான். வேண்டிய மட்டும் குடிக்கலாம், பிடித்த பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம், கோயிலில் பூசைக்குப் பணம் கட்டி முன்கூட்டியே பாவ விமோசனமும் வாங்கிவிடலாம். தரகர்கள் குறைத்துக் கேட்கிறார்கள், இவன் கொடுக்க மறுக்கிறான். ராத்திரிகளில் அடி விழுகிறது, சித்திரவதை நடக்கிறது. கடைசியில் பையன் தரகர்களைத் திட்டிவிட்டு முத்தைக் கடலில் எறிகிறான். எறிந்த பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். நடந்த கதை போலத்தான் இருக்கிறது, ஆனாலும் நம்ப முடியவில்லை என்று ஸ்டைன்பெக் எழுதுகிறார். பையன் அளவுக்கு மீறிய வீரனாகவும் அறிவாளியாகவும் இருக்கிறானாம்.

நாவலாக எழுதும்போது அவர் மாற்றியது அந்த ஆசைகளைத்தான். குடியும் பெண்களும் போய், கல்யாணமும் பள்ளிக்கூடமும் வந்தன. தனிப் பையன் குடும்பஸ்தன் ஆனான். வேடிக்கை என்னவென்றால், பேராசை என்று தாராளமாகச் சொல்லக்கூடிய ஆசை வைத்திருந்த பையன் உயிரோடு சிரித்துக்கொண்டு தப்பித்துவிடுகிறான். பிள்ளையைப் படிக்க வைக்க ஆசைப்பட்டவன் பிள்ளையைப் பறிகொடுக்கிறான். பேராசைக்குத் தண்டனை என்ற நீதியைச் சொல்வதுதான் நோக்கம் என்றால், முதல் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு பையனைச் சாகடித்திருக்கலாமே! ஸ்டைன்பெக் விவரம் தெரிந்த எழுத்தாளர். தெரியாமல் இப்படி மாற்றியிருக்க மாட்டார்.

நாவலின் நடுநாயகம் நான்காவது அத்தியாயம், முத்து விற்கப் போகும் காட்சி. எங்கள் கூட்டத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

லா பாஸில் முத்து வாங்கும் தரகர்கள் தனித்தனிக் கடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் போட்டி வியாபாரம். உண்மையில் எல்லாரும் ஒரே முதலாளியின் சம்பளக்காரர்கள். இது வாசகருக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. கீனோ போகும் முதல் கடையில் ஒரு தாட்டியான ஆள் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். மேஜைக்குக் கீழே அவனுடைய வலது கை ஒரு நாணயத்தை விரல் முட்டிகளின் மேல் உருட்டிக்கொண்டே இருக்கிறது, மோடி வித்தைக்காரன் போல. கீனோ முத்தை எடுத்து வைக்கிறான். வியாபாரியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் கீழே உருண்டுகொண்டிருந்த நாணயம் தடுமாறி மடியில் விழுகிறது. முத்தின் உண்மை மதிப்பைப் பற்றி நாவலில் நம்பத்தகுந்த சாட்சி அது ஒன்றுதான். கீனோவின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

பிறகு முகம் வருத்தப்படுகிறது. “முத்து ரொம்பப் பெரிதாகிவிட்டது, இதை யார் வாங்குவார்கள்? காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் பெசோ தருகிறேன்.” கீனோ ஐம்பதாயிரம் பெறும் என்கிறான். சந்தேகம் என்றால் மற்றவர்களையும் கேட்டுக்கொள் என்று வியாபாரி ஆள் அனுப்புகிறான். மூன்று பேர் வருகிறார்கள். ஒருவன் பார்த்த மாத்திரத்தில் எனக்கு வேண்டவே வேண்டாம் என்கிறான். இன்னொருவன் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, சுண்ணாம்பு போல இருக்கிறது, சில மாதங்களில் நிறம் போய்விடும் என்கிறான். மூன்றாமவன் ஐந்நூறுக்குக் கேட்கிறான்.

எங்கள் வட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார், தையல்கடை வைத்திருப்பவர். இந்த இடத்தை நான் வாசித்துக்காட்டியபோது வாய்விட்டுச் சிரித்தார். மகள் காலேஜ் ஃபீஸுக்காகத் தன் ஆரத்தை விற்கப் போன கதையை அப்போதுதான் சொன்னார். “டச் கம்மின்னாங்க. கல்லுக்குக் கழிச்சாங்க, அரக்குக்குக் கழிச்சாங்க, அழுக்குக்கும் கழிச்சாங்க. வாங்கும்போது அந்தக் கல்லையும் சேர்த்து எடை போட்டுத்தான சார் தங்க விலைக்குக் குடுத்தாங்க? அடுத்த கடைக்குப் போனா அவங்களும் அதே பாட்டைத்தான் பாடுறாங்க. கடைசில மொதக் கடைக்கே திரும்பிப் போனேன். வாங்கம்மான்னு சிரிச்சாரு பாருங்க, அந்தச் சிரிப்புதான் இது.” கீனோவைப் பேராசைக்காரன் என்பீர்களா என்று கேட்டேன். “அவன் எங்க பேராசைப்பட்டான், வெலை கேட்டான், அவ்வளவுதான?” என்றார்.

இந்த அத்தியாயத்தில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் ஒன்று இருக்கிறது. அந்தத் தரகர்களுக்குச் சம்பளம் நிலையானது. கூடக் கொடுத்து வாங்கினாலும் குறைத்து வாங்கினாலும் கைக்கு வருவது அதேதான். அப்படியிருந்தும் விலையை அடித்துக் குறைப்பதில் அவர்களுக்கு ஒரு வேட்டைக்காரச் சந்தோஷம். வேலையைச் சுத்தமாகச் செய்கிற சந்தோஷம் அது. ஆக, கொள்ளை நடக்கிற அறைக்குள் இருக்கும் நான்கு பேரில் தன் பைக்குப் பேராசைப்படுகிறவன் ஒருத்தன்கூட இல்லை. பேராசை யாருடையதோ அவன் வரவே இல்லை. அவனுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஒரு வசனம்கூடக் கிடையாது. பேராசையைப் பற்றிய உலகப் புகழ்பெற்ற நாவலில் பேராசைக்காரன் மேடைக்கே வருவதில்லை.

வாசகர்கள் கீனோவின் தலையில் அந்தப் பட்டத்தைக் கட்டுவதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. புத்தகத்தின் மேல் பேராசை என்று எழுதி ஒட்டியாகிவிட்டது, உள்ளே போய் ஆளைத் தேடுகிறோம். கண்ணுக்கு முன்னால் நிற்கிறவன் கீனோ ஒருவன்தான். டாக்டர் இருக்கிறாரே என்று கேட்கலாம். பட்டு அங்கி போட்டுக்கொண்டு, படுக்கையில் உட்கார்ந்து சின்னக் கோப்பையில் சாக்லேட் பானம் குடித்துக்கொண்டு, நான் என்ன மாட்டு டாக்டரா என்று கேட்டு அனுப்பிய அதே ஆள், முத்துச் செய்தி கேட்டதும் குடிசைக்கே வந்து நிற்கிறார். குணமாகிக்கொண்டிருந்த குழந்தைக்கு ஏதோ மருந்தைக் கொடுத்து, அது துடித்த பிறகு தானே காப்பாற்றியதாகவும் காட்டிக்கொள்கிறார். ஆனால் அவரைப் பார்த்தால் வாசகருக்குக் கோபம் வருகிறதே தவிர ‘பாடம்’ எதுவும் வருவதில்லை. நம் ஊரில் பாடம் என்பது எப்போதும் ஏழைக்குத்தானே.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். அவர் மட்டும் கடைசிவரை பேராசைக் கட்சியில்தான் இருந்தார். “ஆயிரம் பெசோ அவன் வாழ்க்கையில பார்க்காத பணம். வாங்கிட்டுப் போயிருந்தா பிள்ளை உயிரோட இருந்திருக்கும். போதும்ங்கிற மனசு வேணாமா?” என்றார். நியாயமான கேள்விதான். நாவலுக்குள் கீனோவின் அண்டைவீட்டுக்காரர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். வியாபாரிகளுக்குத் தெரியாததா என்று ஒரு கூட்டம், அவன் துணிச்சல்காரன், அவனால் நாளைக்கு நமக்கும் நல்லது நடக்கும் என்று இன்னொரு கூட்டம். இன்னும் ஒரு படி மேலே போய், முந்தின ராத்திரி கீனோ தன் கனவைச் சொல்லும்போதே அவர்கள் இரண்டு கதைகளைத் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். நினைத்தது நடந்தால் அன்றைக்கே அவன் கண்ணில் ஒரு ஒளி தெரிந்தது என்பார்கள். நடக்காவிட்டால் அன்றைக்கே அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். நம்முடைய விமர்சனங்களை எல்லாம் ஸ்டைன்பெக் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். முன்னுரைக் குறிப்பிலும் இது ஒரு நீதிக்கதை என்றால் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையை அதில் படித்துக்கொள்வார்கள் என்கிறார்.

ஆனால் தலைமையாசிரியருக்கு நான் சொன்ன பதில் வேறு. ‘போதும்’ என்ற அந்தப் பாடம் நாவலிலேயே இருக்கிறது, அதைச் சொல்கிறவர் பாதிரியார். முன்பு ஊர்க்காரர்கள் சேர்ந்து, முத்துகளைத் திரட்டி ஓர் ஆளிடம் கொடுத்துத் தலைநகரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். போனவன் வரவில்லை. இன்னொருவனை அனுப்பினார்கள், அவனும் வரவில்லை. கீனோவின் அண்ணன் ஹுவான் தொமாஸ் இதை நினைவுபடுத்துகிறான். அது நல்ல யோசனைதான், ஆனால் மதத்துக்கு விரோதமானது என்கிறான் கீனோ. பாதிரியார் வருஷா வருஷம் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறாராம். கோட்டையைக் காக்கக் கடவுள் நிறுத்திய சிப்பாய்கள் நாம், அவரவர் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று. இந்த நாவலைப் படித்துவிட்டு இருப்பதைக் கொண்டு திருப்தி அடை என்று சொல்கிறவர்கள், தெரியாமலே அந்தப் பிரசங்கத்தைத் திருப்பிச் சொல்கிறார்கள். மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் லா பாஸ் கரையில் வந்து இறங்கியது 1535இல். நானூறு வருஷமாக அடித்துப் பிடுங்கிய இனத்தின் ஆள் என்றுதான் டாக்டரை நாவல் அறிமுகப்படுத்துகிறது. அந்த நானூறு வருஷத்தையும் விட்டுவிட்டு ஒருவனின் மனத் திருப்தியைப் பற்றிப் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

இதற்காகக் கீனோவைப் புனிதன் ஆக்க வேண்டியதில்லை. முத்து அவனை மாற்றத்தான் செய்கிறது. ராத்திரியில் அதைக் கடலில் வீசப்போன ஹுவானாவை முகத்தில் குத்துகிறான், விழுந்தவளை உதைக்கிறான். அதற்கு முந்தின நொடி வரைக்கும் அவன் பக்கம் நின்ற வாசகர்கள் பலர் இங்கே விலகிவிடுகிறார்கள். அது சரியும்தான். எங்கள் கூட்டத்தில் பெண்களின் கோபம் அவன் மேல் இருந்ததைவிட ஆசிரியர் மேல்தான் அதிகம் இருந்தது. அடிபட்ட பிறகும் ஹுவானாவுக்குக் கோபம் வரவில்லை என்று ஸ்டைன்பெக் எழுதுகிறார். அவன் ஆண், அவளுக்கு ஆண் வேண்டும் என்று ஒரு விளக்கமும் கொடுக்கிறார். “கோபம் வரலைன்னு இவருக்கு யார் சொன்னா?” என்று கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள். எனக்கும் அந்தப் பத்தி பிடிக்காது. பழங்குடி மக்கள் என்றாலே மனசுக்குள் பாட்டு ஓடும், மிருகம் மாதிரி மோப்பம் பிடிப்பார்கள் என்று எழுதுவதும் அப்படித்தான். அவர்கள் மேல் உண்மையான பரிவு வைத்தே எழுதுகிறார், ஆனாலும் கொஞ்சம் உயரத்தில் நின்றுகொண்டு எழுதுகிறார். இதே கதையை எமிலியோ ஃபெர்னாந்தெஸ் மெக்சிகோவில் படமாகவும் எடுத்தார். புத்தகமும் படமும் 1947இல் வெளிவந்தன. முதல் பதிப்புக்கு ஓவியம் வரைந்தவர் மெக்சிக ஓவியர் ஹோஸே கிளெமெந்தே ஓரோஸ்கோ. ஸ்டைன்பெக் தேக்கி வைத்த கோபத்தை அந்த மெக்சிகர்கள்தான் ஈடுகட்ட வேண்டியிருந்தது என்று எனக்கு ஒரு நினைப்பு.

கூட்டத்தில் அதிகம் பேசாதவர் சங்கு குளிக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவர். அவருக்குத் தெரிந்த முத்துக்குளிப்புக் கணக்கு வேறு, தாத்தா சொன்னது. மன்னார் வளைகுடாவின் மறுபக்கம், இலங்கையின் மரிச்சுக்கட்டியில் ஆங்கிலேயர் காலத்தில் நடந்த முத்துக்குளிப்பில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளியாளிக்கு. மீதியை அரசாங்கம் எடுத்து, திறக்காத சிப்பியாகவே ஆயிரக்கணக்கில் ஏலம் விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. “கீனோ தானே திறந்து பார்த்தாம்லா அண்ணாச்சி, அதுதான் வெனை” என்றார்.

அவர் கவனித்துச் சொன்ன இன்னொன்றுக்குப் பிறகு யாரும் உடனே வாய் திறக்கவில்லை. தப்பி ஓட வேண்டிய ராத்திரியில் கீனோ கரைக்குப் போனால் அவனுடைய வள்ளத்தின் அடியில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். தாத்தா காலத்து வள்ளம். மனிதனைக் கொல்வதைவிடப் பெரிய பாவம் இது, படகுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது என்று நாவல் சொல்கிறது. கரை முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்களின் வள்ளங்கள் நிற்கின்றன. ஒன்றைத் தள்ளிக்கொண்டு போயிருந்தால் அன்றிரவே தப்பியிருக்கலாம். தடம் பார்க்கிறவன் தண்ணீரில் தடம் பார்க்க முடியாது. அப்படி ஒரு யோசனையே அவனுக்கு வரவில்லை என்று ஸ்டைன்பெக் ஒரு வரி எழுதுகிறார். “உசுருக்கு ஓடுறவன், அடுத்தவன் வள்ளத்தைத் தொடல. இவனைப் போயி பேராசைக்காரன்ங்கீக” என்றார் அந்தத் தம்பி.

தலைமையாசிரியர் விடவில்லை. கடைசியில் முத்தைக் கடலில் எறிந்தானே, தன் தவறு புரிந்துதானே எறிந்தான் என்றார். எறிந்ததை நான் அப்படிப் படிக்கவில்லை. திரும்பி வரும்போது ஹுவானா வழக்கம்போல் அவனுக்குப் பின்னால் நடக்கவில்லை, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். ஊரே ஒதுங்கி வழிவிடுகிறது. கையில் அவன் ஆசைப்பட்ட துப்பாக்கியும் இருக்கிறது, துரத்தி வந்தவனிடமிருந்து பிடுங்கியது. முத்தை முதலில் அவளிடம்தான் நீட்டுகிறான். நீயே எறி என்கிறாள். மன்னிப்புக் கேட்டு வருகிற ஆளின் நடை இது இல்லை.

அதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லித்தான் அன்றைக்குக் கூட்டம் கலைந்தது. கீனோ முத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, தலைநகரத்துக்கே போகிறேன் என்று கிளம்பும்போது, அந்தத் தரகர்களுக்கு உள்ளுக்குள் பயம் வருகிறது. ரொம்ப இறுக்கிவிட்டோமோ, மேலிடத்தில் திட்டு விழுமோ என்று ஒருவன் அவசரமாக ஆயிரத்து ஐந்நூறு என்கிறான். பேரம் பேசியிருந்தால் இன்னும் எவ்வளவு தூரம் ஏறியிருப்பான் என்று யாருக்கும் தெரியாது. முத்தின் சரியான விலையை நாவல் கடைசிவரை சொல்வதே இல்லை. அது கடலடியில் போய்ச் சேர்ந்த மறுநாள், மற்ற குளியாளிகள் தங்கள் சின்ன முத்துகளை எடுத்துக்கொண்டு அதே தெருவில் அதே கடைகளுக்குத்தான் போயிருப்பார்கள். கீனோ எறிந்ததால் அந்த முதலாளிக்கு ஒரு பெசோகூட நஷ்டம் இல்லை. சொல்லப்போனால், தலைநகரத்துக்குப் போய் விற்கலாம் என்ற பேச்சு இன்னும் கொஞ்ச காலத்துக்கு அந்த ஊரில் எழாது.